யாழை மீட்ட அடிகள்

மட்டக்களப்பு வாவியிலே, முழுமதி நாளில், காற்று அடங்கிய பின் தோணியேறிச் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் தாழ்த்தி மறுமுனையிற் செவியை வைத்துக் கேட்பார்க்கு, நீரடியிலிருந்து ஓர் இன்னொலி எழுவது கேட்கும். கல்லடிப் பாலத்தை அண்டி வாழும் நாம் இதனைச் சிறு வயது முதலே அறிவோம். நம் நாட்டிற்கு மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் வந்ததும் இதனாலன்றோ! அவ்வொலியைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பினோர் எண்ணற்றோர். அதனைக் கேட்டு, அதனைப் பாட்டிலும் வைத்து, இசையென்பது யாது, அது எந்தக் கணக்கில் நிற்பது என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் ஒருவர். அவரே கல்லடி உப்போடை மண்ணிலே துயில் கொள்ளும் நம் விபுலானந்த அடிகளார்.

அடிகளாரின் புகழை அறியாதார் நம்முள் எவருமிலர். ஆயினும், அவர் பெரும் புலவர், பேராசிரியர், துறவி என்று சொல்லி நிறுத்திவிடுகின்றோம். கலையைக் காப்பதற்கு அவர் கண்ட வழி என்ன என்பதை நாம் ஆற அமர எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மலரிலே அதனையே எடுத்துக்கொள்ள விழைகின்றோம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களிலே காரைதீவில் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகி வழிபாட்டிற் சிறந்த ஊர். வைகாசி மாதத்திலே அங்குள்ள அம்மன் கோயிலிற் குளுர்த்திச் சடங்கு நடைபெறும். கண்ணகியின் வழக்குரை பாடப்படும். ஏட்டைத் திறந்து படிக்குமுன்னரே சிலப்பதிகாரக் கதை செவி வழியாகப் புகுந்து உள்ளத்திற் குடிகொள்ளும் ஊர் அது. பிற்காலத்திலே அடிகளார் இசைத்தமிழைத் தேடிச் சென்றபோது முதன்மையாகப் பற்றிக்கொண்டது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையே என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. ஊர்க்கோயிலில் விழுந்த விதை நூலாய் விளைந்தது என்று நாம் கொள்வதில் தவறில்லை.

ஊரிலே வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழ் கற்ற மயில்வாகனன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்பு மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்று, 1908இல், தமது பதினாறாம் வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பிப் படிப்பித்தார். மீண்டும் கொழும்பு சென்று விஞ்ஞானம் பயின்றார். 1916ஆம் ஆண்டு அவருக்கு இரட்டைச் சிறப்பைத் தந்தது. ஒரு புறம் விஞ்ஞானத்தில் டிப்புளோமா; மறு புறம் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் பட்டம். ஈழத்திலிருந்து அப்பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையை ஏற்றார்.

பட்டமும் பதவியும் கைகூடிய அவ்வேளையிலேதான் அவர் உள்ளம் வேறொரு பக்கம் திரும்பியது. 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து பிரபோத சைதன்யர் என்னும் பெயர் பெற்றார். இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய சஞ்சிகைகளின் ஆசிரியப் பொறுப்பை வகித்தார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமியன்று, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச்சீடரான சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார்.

துறவு பூண்டவர் கலையைத் துறந்தாரா? இல்லை. துறவு பூண்ட அதே 1924இல், மதுரைத் தமிழ்ச்சங்க விழாவிலே நாடகத் தமிழைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அதுவே விரிந்து 1926இல் மதங்கசூளாமணி என்னும் நூலாயிற்று. ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியருக்குச் செகசிற்பியர் எனத் தமிழ்ப் பெயர் சூட்டி, அவருடைய பன்னிரு நாடகங்களை ஆராய்ந்து, வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தோடும் சிலப்பதிகாரத்தில் எஞ்சிய நாடகச் செய்திகளோடும் சேர்த்து வைத்தார். தமிழில் மூன்றிலொன்று நாடகம் என்று பெயரளவிற் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு, அந்த மூன்றாம் பங்கு எங்கே போயிற்று என்று தேடத் தூண்டிய நூல் அது.

1925இல் ஈழம் திரும்பிய அடிகளார் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். அக்காலத்து மட்டக்களப்பில் உயர்தர ஆங்கிலக் கல்வி வேண்டிய சைவப் பிள்ளைகள் பெரும்பாலும் கிறித்துவ மிஷன் கல்லூரிகளையே நாட வேண்டியிருந்தது. தாமும் அக்கல்லூரிகளில் கற்றவரே, அங்கே கற்பித்தவருமே. அவற்றின்பால் அவருக்குப் பகைமை இருந்ததில்லை. தம் சமயமும் மொழியும் கலையும் விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படும் இல்லம் ஒன்று வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவ்விருப்பத்தின் பயனாக 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. தமக்குத் துறவளித்த குருவின் பெயரையே அதற்கு இட்டார். திருகோணமலை இந்துக் கல்லூரியையும் பேணி வளர்த்தார்.

அந்நாட்களில் உப்போடை இன்றுபோல் வீடுகள் செறிந்த இடமன்று. வாவியின் மேல் கல்லடிப் பாலம் 1924இலேதான் திறக்கப்பெற்றது. ஐந்தாண்டு கழியுமுன், பாலத்தின் இக்கரையிலே ஒரு கல்விக் கோயில் எழுந்தது. ஆளுநரின் துணைவியார் பெயரால் வந்த பாலம் இரு கரைகளை இணைத்தது. அடிகளாரின் வித்தியாலயம் ஏட்டுத் தமிழையும் ஊர்ப் பிள்ளைகளையும் இணைத்தது.

1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தனது முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே அவர் செய்தவற்றுள் இரண்டை நம் இளைஞர் கருத்திற் கொள்ள வேண்டும். புலவருலகம் பாரதியாரைப் பெருங்கவிஞராக ஏற்கத் தயங்கிய காலத்திலே, மாணவரைக் கூட்டிப் பாரதி பாடல்களை ஓதவும் ஆராயவும் வழிசெய்தார். அருகிலிருந்த திருவேட்களத்திலே, தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்கு மாலை வேளைகளிற் சென்று அப்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பேராசிரியர் பதவியின் பெருமை அவரைப் பல்கலைக்கழக மதிலுக்குள் அடைத்து வைக்கவில்லை. அறிவும் கலையும் நாலு பேர் கூடும் இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதே இவ்விரு செயல்களின் உட்பொருள். 1933இல் அப்பதவியை விட்டு மீண்டும் பாடசாலைப் பணிக்கே வந்தார்.

இனி, அவர் வாழ்வின் பெருந்தவமாகிய யாழ்நூலைப் பற்றிச் சொல்வோம். பண்டைத் தமிழர் இசைத்த கருவிகளுள் யாழ் தலையாயது. பேரியாழுக்கு நரம்பு 21; சகோடயாழுக்கு 14; செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர் கூறிப்போந்தனர். ஆயினும் யாழ் என்னும் கருவி தமிழ்நாட்டினின்றும் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. வீணை அதன் இடத்தைக் கொண்டது. பெயர் ஏட்டில் நின்றது. உருவம் கண்ணினின்றும் மறைந்தது. ஓசை செவியினின்றும் போயிற்று. யாழ்ப்பாணம் என்று ஊருக்குப் பெயர் வைத்திருக்கும் நாட்டிலே யாழ் என்றால் எப்படியிருக்கும் என்று காட்டுவார் இல்லை!

அடிகளார் இதனைப் புலவராக மட்டும் அணுகவில்லை, விஞ்ஞானியாகவும் அணுகினார். ஒரு நரம்பை அதன் நீளத்திற் பாதியாக்கினால் அதே சுரம் ஒரு படி மேலே ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் அதனோடு இயைந்த வேறொரு சுரம் ஒலிக்கும். இவ்வாறு பின்னக் கணக்கிலே நிற்பது இசை. பௌதிகமும் கணிதமும் கற்றிருந்தமையால், சிலப்பதிகாரத்தின் அடிகளிலும் அடியார்க்கு நல்லார் உரையிலும் பொதிந்து கிடந்த குறிப்புகளை எண்களாக்கி, 22 அலகுகளையும் பாலைகளையும் கணித்து, யாழின் உறுப்புகளையும் வடிவத்தையும் வரைந்து காட்டினார். பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களாய் அமைந்தது யாழ்நூல். தேவாரப் பண்களுக்கெனத் தனியியலே அதில் உண்டு. இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலே பிரபுத்த பாரதத்தின் ஆசிரியராய் இருந்த காலத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த பின்பும் இவ்வாராய்ச்சி அவரை விட்டு அகலவில்லை.

நூல் அரங்கேறிய விதமே நாம் கற்க வேண்டிய பாடம். 1947ஆம் ஆண்டு ஆனி மாதம் 5ஆம், 6ஆம் தேதிகளில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவில் யாழ்நூல் அரங்கேறியது. வெள்ளம் புரண்ட ஆற்றிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடி ஓடத்தைக் கரை சேர்த்த தலம் அது. அடிகளார் நினைத்திருந்தால் நூலை அச்சிட்டு அறிஞர் பலர்க்கும் அனுப்பி அமைந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அவருடைய கணக்கின்படி யாழ்க் கருவிகள் செய்விக்கப்பெற்றன, ஊர்வலமாகக் கொணரப்பெற்றன, புலவரும் இசைவாணரும் பொதுமக்களும் கூடிய சபையிலே இசைக்கப்பெற்றன. ஒரு சங்கம் நூலை ஏந்தியது. ஒரு கோயில் இடம் கொடுத்தது. ஓர் ஊர் செவி கொடுத்தது. பல நூற்றாண்டு உறங்கிய ஓசை அன்று கண் விழித்தது.

உடல் நலிந்திருந்த நிலையிலேயே அவ்விழாவிற் கலந்துகொண்ட அடிகளார், ஒன்றரை மாதம் கழியுமுன், 1947 ஆடி 19ஆம் தேதி கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். திருமேனி மட்டக்களப்புக்குக் கொணரப்பெற்றுத் தாம் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பெற்றது. இறைவன் வேண்டுவது புறத்தே பூக்கும் மலரையன்று, அன்பர் உள்ளமாகிய மலரையே என்னும் கருத்தமைந்த அவர் பாடலை அச்சமாதியிலே இன்றும் நாம் படிக்கலாம்.

அடிகளார் மறைந்தபின் அவர் மூட்டிய சுடர் அணைந்ததா? அணையவில்லை. மதங்கசூளாமணி ஏட்டு நாடகத்தை நோக்கியது. நம் ஊர்க் களரியில் ஆடும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் அந்நூலின் பொருளாகவில்லை. அக்குறையை நிறைத்தவர் பல்கலைக்கழகத்தில் அவரிடம் கற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தனே. மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்று 1962இல் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசனையும் அவர் அரங்கேற்றியபோது, நம் கிராமத்து அண்ணாவிமாரின் கலை நாடறியும் கலையாயிற்று. ஆசிரியர் விட்ட இடத்தை மாணவர் தொடுவது இதுவே. கல்லடியிலே அடிகளார் பெயரால் எழுந்த இசை நடனக் கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக நிற்கின்றது. 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை கல்லடிக் கரையை வாரிச் சென்றபோதும், அதற்கு முன் போரின் கொடுமை சூழ்ந்திருந்த ஆண்டுகளிலும், இராமகிருஷ்ண மிஷன் தன் பணியைக் கைவிடவில்லை.

இவ்வளவும் சொன்னபின் நம் குறையையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ஆண்டுதோறும் ஆடி மாதத்திலே அடிகளாரின் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம், சொற்பொழிவு கேட்கின்றோம், சர்க்கரைப் பொங்கல் உண்டு கலைகின்றோம். மறுநாள் சங்க மண்டபம் பூட்டிக் கிடக்கின்றது. யாழ்நூலைப் பெயரால் அறிவோம். தேவாரத்தைப் பண்ணோடு ஓத நம்முள் எத்தனை பேருக்கு வரும்? கூத்து நமது என்று பெருமை பேசுவோம். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் காலிற் சதங்கை கட்டியிருக்கின்றனர்?

யாழ் ஏன் மறைந்தது? யாரும் அதனை உடைத்து எறியவில்லை. கற்பிப்பார் குறைந்தனர், கற்பார் குறைந்தனர், கூடிக் கேட்கும் சபை இல்லாமற் போயிற்று. ஒரு தலைமுறை கைவிட்ட கருவியை மீட்க, ஆறேழு நூற்றாண்டு கழிந்து, ஒரு பெருமகனின் வாழ்நாளே செலவாயிற்று. இன்று நாம் கைவிடுவதை மீட்க இன்னொரு விபுலானந்தர் வருவாரென்று யார் உறுதி கூற வல்லார்?

ஆதலால் நாம் வேண்டுவது பெரிதன்று. வாரத்தில் ஒரு மாலை சங்க மண்டபம் திறக்கட்டும். ஓதுவார் ஒருவர் பண்ணோடு ஒரு பதிகம் சொல்லிக்கொடுக்கட்டும். களரியில் ஆடிய முதியவர் ஒருவரை அழைத்து மத்தளத்தின் முன் இருத்தட்டும். இளைஞர் பத்துப் பேர் வந்தால் போதும்; மூவர் வந்தாலும் போதும். மூத்தோரே, உங்கள் நினைவில் இருப்பதை உங்களோடு கொண்டுபோய்விடாதீர்கள். இளைஞரே, அவர் வாயினின்றும் அதனைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அடிகளார் கேட்ட உள்ளமாகிய மலரை அவருக்குச் சாத்தும் வழி இதுவே.

வாவியில் மீன்கள் இன்றும் பாடுகின்றன. கரையில் நிற்கும் நாமும் பாடுவோமாக.

வாழ்க அடிகளார் திருநாமம்! வளர்க தமிழ்க் கலை!