பள்ளிக்கூடம் தள்ளிவிட்ட பிள்ளைகளும் மொண்டிசோரி அம்மையாரும்

பொரளையிலே ஒழுங்கைக்கு ஒழுங்கை மொண்டிசோரிப் பெயர்ப்பலகை தொங்குகின்றது. மூன்று வயதானதும் பிள்ளையின் கையைப் பிடித்து அங்கே கூட்டிச் செல்கிறோம். அது ஓர் அம்மையாரின் பெயர் என்பது பலருக்குத் தெரியும். வேண்டாமென்று பள்ளிக்கூடங்கள் தள்ளிவிட்ட சிறாரிடத்திலேதான் அவர் தமது முறையைக் கற்றுக்கொண்டார் என்பதை அறிந்தவர் சிலரே.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31இல் இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதான அக்காலத்தில், 1896இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பணியின் நிமித்தம் மனநோயாளர் விடுதிகளுக்குச் சென்றபோது, பெரியவர்களோடு அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளைக் கண்டார். பேசாதவர், அடங்காதவர், படிப்பு ஏறாதவர் எல்லோருக்கும் அன்று ஒரே பெயர்தான்: மந்தபுத்தி. இன்று ஓட்டிசம் என்றும் கற்றல் இடர்பாடு என்றும் நாம் பிரித்தறியும் நிலைகள் பலவும் அந்த ஒரு சொல்லுக்குள்ளே கிடந்திருக்கும்.

இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்று 1898இல் தூரின் மாநாட்டில் வாதாடினார். 1900இல் இத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியரைப் பயிற்றும் கல்லூரி உரோமையில் தொடங்கியது. அதை நடத்தியவருள் அம்மையாரும் ஒருவர். காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை பிள்ளைகளுடனேயே இருந்தார், இரவில் குறிப்பெழுதினார்.

அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, கையிற் குறையேதும் இல்லாதிருந்தும், தையல் வரவேயில்லை. அம்மையார் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, கடதாசி நாடாக்களை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய்போலப் பின்னக் கொடுத்தார். அவள் அதிலே மனம் ஒன்றினாள். பிறகு ஊசியைக் கொடுத்தபோது தையல் வந்துவிட்டது. ஒரு வேலையைச் செய் என்று சொல்லுமுன், அதற்கு வேண்டிய அசைவைக் கைக்குப் பழக்கவேண்டும் என்று அன்று கண்டுகொண்டார். எழுத்தையும் இப்படியே கற்பித்தார். மரத்தில் எழுத்துக்களை வெட்டி, உயிருக்குச் சிவப்பும் மெய்க்கு நீலமும் பூசி, பிள்ளைகள் விரலால் தடவித் தடவி அறியவிட்டார்.

அவர்களிற் சிலர் மற்றப் பிள்ளைகளோடு சோதனைக்குத் தோற்றிச் சித்தியடைந்தார்கள். எல்லோரும் வியந்தார்கள். அம்மையாருக்கோ வேறு கவலை. குறையில்லாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் எவ்வளவு கீழே வைத்திருந்தால் இவர்கள் அவர்களை எட்டிப்பிடிக்க முடியும்? நம் நாட்டிலோ, அவருடைய பெயர்ப்பலகையின் கீழேயே, கதிரையில் இருக்கமாட்டாத பிள்ளையை வேறிடம் பாருங்கள் என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. தாய்மாருக்கு இது தெரியும்.

1907 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் 'பிள்ளைகளின் இல்லம்' திறக்கப்பட்டது. உலகறிந்த கதை அதன்பின் வந்ததே.

1939இல் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போரில் இத்தாலி எதிரணியிற் சேர்ந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தார். 1952 மே 6இல் நெதர்லாந்தின் நூர்ட்வைக்கில் காலமானார். அங்குள்ள கத்தோலிக்க சேமக்காலையில் அவரது கல்லறை இருக்கின்றது.