ஏடின்றி வாசித்த அம்மையார்

நம் சங்கத்து விழா மேடையில் பாட்டுத் தாளை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு பாடும் நண்பர்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கிளாரா ஷூமன் அம்மையாரின் நினைவு வரும். அவர் பாடகியல்லர், பியானோக் கலைஞர். ஆயினும் மேடை நடுக்கம் குரலுக்கும் விரலுக்கும் பொதுவானதுதானே!

கிளாரா 1819-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர், மிகக் கண்டிப்பானவர். அவர் மகளுக்குத் தொடக்கத்தில் இசைக்குறிகளைக் காட்டவேயில்லை. செவியால் கேட்டு விரலால் வாசிக்கப் பழக்கிய பிறகே ஏட்டைத் திறந்தார். நம் ஊர்ப் பாட்டு வாத்தியார்களும் இப்படித்தானே கற்பித்தார்கள்!

1828 அக்டோபரில், ஒன்பது வயதில், கெவாண்ட்ஹவுஸ் மண்டபத்தில் முதல் மேடை. வாசலில் வந்து நின்ற வண்டியில் சிறுமி ஏறினாள். அது நடன விருந்துக்குப் போகும் வேறொரு வண்டி! வழி மாறியதை உணர்ந்து அழத் தொடங்கிவிட்டாள். திரும்பி வந்து சேர்ந்தவளிடம் தந்தை மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்து, முதன்முதல் மேடையேறுவோர் எல்லோரும் இப்படித்தான் இடம் மாறிப் போவார்கள், சொல்ல மறந்துவிட்டேன் என்றாராம். கண்டிப்பான மனிதருக்கு இவ்வளவு சாமர்த்தியம்! அன்று குழந்தை நன்றாகவே வாசித்தது.

1837-இல் பெர்லினில் பீத்தோவனின் அப்பாசியோனாட்டா சொனாட்டாவை ஏடு பாராமல் வாசித்தார். ஏட்டை எதிரில் விரித்து வைத்து வாசிப்பதே அந்நாளைய மரியாதை. எழுத்தாளர் பெட்டினா பான் ஆர்னிம் இதைத் திமிர் என்று ஏசினார். பதினேழு வயதுப் பெண் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே வியன்னா அரசவை அவருக்குப் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. நாளடைவில் இவராலும் லிஸ்ட் போன்றோராலும் ஏடின்றி வாசிப்பதே மரபாயிற்று.

தந்தையை எதிர்த்து, நீதிமன்றம் வரை சென்று, 1840-இல் ராபர்ட் ஷூமனை மணந்தார். எட்டுக் குழந்தைகள். 1856-இல் கணவர் மனநோய் விடுதியில் மறைந்தார். அதன் பின் குடும்பத்தைக் காத்தது அந்தப் பத்து விரல்கள்தாம்.

விந்தை இனித்தான். தாம் வளர்த்த மரபே முதுமையில் அவரை வாட்டியது! ஒரு உருப்படி முடிந்து அடுத்தது தொடங்குமுன் மறந்துவிடுமோ என்று நடுங்கினார். கைவலி வேறு. ஏட்டை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அது தம் சிறகைத் தாமே கத்தரிப்பதாக அவருக்குப் பட்டது. இதை 1871-இல் நண்பர் பிராம்ஸுக்குக் கடிதத்திலும் எழுதியிருக்கிறார். பிறருக்குத் துணிவின் உருவாகத் தோன்றியவர் தம் நடுக்கத்தை நண்பரிடம் ஒளிக்காததுதான் எனக்கு மிகப் பிடித்தது.

நடுக்கம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை; அதனோடேயே மேடையேறினார். 1878 முதல் பிராங்பர்ட் இசைப் பள்ளியில் மாணவர்களைப் பயிற்றினார். அவர் சேர்த்து வைத்த கச்சேரி நிரல்கள் மட்டும் 1,300-க்கு மேல். கடைசிக் கச்சேரி 1891 மார்ச்சில் அதே பிராங்பர்ட்டில் நடந்தது. அப்போது அவருக்கு வயது 71.