நட்சத்திரத்துக்கும் உண்டு எடை லிமிட்: 19 வயதில் கணக்குப் போட்ட சந்திரசேகரின் கதை

பட்டாசில் எல்லாமே மருந்து அளவுதான். சிவகாசியை ஒட்டியிருக்கும் நாரணாபுரத்தில் தயாராகும் பேன்சி வெடியாக இருந்தாலும் சரி, சாதாரண லட்சுமி வெடியாக இருந்தாலும் சரி, மருந்தின் அளவு மாறினால் வெளிச்சமும் மாறும், ஆபத்தும் மாறும். விண்வெளியிலும் இப்படி ஒரு அளவு இருக்கிறது. அதைத் தாண்டினால் நட்சத்திரமே தாங்காது. அந்த அளவைக் கண்டுபிடித்தவர் நம்ம ஊர்க்காரர், சுப்ரமணியன் சந்திரசேகர்.

யார் இவர்?

1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பம்தான். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் வேலை. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சித்தப்பா, நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி.ராமன். 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி என்று படிப்பு ஓடியது. கல்லூரியில் படிக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்.

1930-ல் கேம்பிரிட்ஜில் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தது. அப்போது அம்மா உடல்நிலை மோசம். ஆனாலும் ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த வருடமே அம்மா இறந்துபோனார். கடைசியாக ஒருமுறை பார்க்க முடியவில்லை.

கப்பலில் என்ன நடந்தது?

சிம்பிளா சொன்னா, நட்சத்திரம் என்பது ஒரு இழுபறி. ஈர்ப்பு விசை உள்ளே அமுக்கும், வெப்பம் வெளியே தள்ளும். எரிபொருள் தீர்ந்துவிட்டால்? சூரியன் மாதிரி நட்சத்திரங்கள் சுருங்கி, பூமி அளவுக்கு வந்து நின்றுவிடும். இதற்குப் பெயர் வெண்குறுமீன். எடையோ கிட்டத்தட்ட சூரியனின் எடை. அதில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் டன் கணக்கில் கனக்கும்!

சுருங்குவது ஏன் அங்கேயே நிற்கிறது? எலக்ட்ரான்களை ஒரு அளவுக்கு மேல் நெருக்க முடியாது, அவை எதிர்த்துத் தள்ளும். இதை 1926-ல் சொன்னவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபவுலர்.

19 வயது சந்திரசேகர் கப்பலில் இதை மறுபடி கணக்குப் போட்டார். எடை கூடக்கூட எலக்ட்ரான்களின் வேகமும் கூடும், ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்படியென்றால் ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சேர்த்துப் பார்த்தால் விடை வேறு மாதிரி வந்தது. ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் எலக்ட்ரான்களாலும் நட்சத்திரத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது! சூரியனைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு. இதைத்தான் இன்று சந்திரசேகர் எல்லை என்கிறோம்.

ஏன் யாரும் ஏற்கவில்லை?

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். 24 வயது சந்திரசேகர் தன் முடிவுகளை முன்வைத்தார். அடுத்துப் பேசியவர் ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியல் உலகின் சூப்பர் ஸ்டார். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை 1919 சூரிய கிரகணத்தில் சோதித்துக் காட்டியவர். அதற்கு முந்தைய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கே வந்து, கணக்கு எங்கே நிற்கிறது என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். ஆனால் மறுக்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இயற்கை அப்படியெல்லாம் முடிவில்லாமல் ஒரு நட்சத்திரத்தை நசுங்க விடாது என்பது எடிங்டன் வாதம். அதைக் கிண்டலாகவே சொன்னார், சபை சிரித்தது. பெரிய இயற்பியல் அறிஞர்கள் சிலர் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் சொல்வதுதான் சரி என்றார்கள். ஆனா, பொதுவெளியில் எடிங்டனை எதிர்த்துப் பேச யாரும் முன்வரவில்லை.

பிறகு என்ன செய்தார்?

சண்டையை இழுத்துக்கொண்டே போகவில்லை. 1936-ல் இந்தியா வந்து, கல்லூரித் தோழி லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். 1937-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939-ல் தன் கண்டுபிடிப்பை ஒரு புத்தகத்தில் முழுதாக எழுதிவைத்துவிட்டு, அடுத்த துறைக்குப் போய்விட்டார். அதுவே அவர் பாணி ஆனது. ஒரு துறையில் சில வருடங்கள், ஆழமாக ஒரு புத்தகம், பிறகு வேறு துறை.

எடிங்டனோடு பகையும் இல்லை. 1944-ல் அவர் இறந்தபோது, அந்தக் காலத்தின் தலைசிறந்த வானியலாளர்களில் ஒருவர் என்று பாராட்டியே அஞ்சலி செலுத்தினார்.

யார் சொன்னது சரி?

விண்வெளியே பதில் சொன்னது. 1967-ல் பல்சர்கள் சிக்கின. இவை எல்லையைத் தாண்டிச் சுருங்கிய மையத்தில் உருவாகும் நியூட்ரான் நட்சத்திரங்கள். இன்னும் அதிக எடை என்றால் கருந்துளை. 1935-ல் எடிங்டன் நடக்கவே நடக்காது என்று சொன்னது இதைத்தான். ஒரு கருந்துளையின் முதல் படத்தை 2019-ல் உலகமே செல்போனில் பார்த்தது.

சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-ல். கப்பல் ஏறி 53 வருடம் கழித்து! அதே வருடம் கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவருடைய புத்தகமும் வெளிவந்தது.

இன்றைக்கு இதனால் என்ன பயன்?

இங்கேதான் மருந்து அளவு திரும்ப வருகிறது. சில வெண்குறுமீன்கள் பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து பொருளை இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். எடை அந்த 1.4-ஐ நெருங்கும்போது மொத்தமாக வெடித்துவிடும். வெடிக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், எனவே வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ரக வெடி மங்கலாகத் தெரிந்தால், அது தூரத்தில் வெடித்தது என்று கணிக்கலாம் இல்லையா? அதே லாஜிக்கில்தான் விஞ்ஞானிகள் தொலைதூர கேலக்ஸிகளின் தூரத்தை அளக்கிறார்கள். பிரபஞ்சம் விரிவடையும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-ல் தெரியவந்ததும் இந்த வெடிப்புகளை வைத்துத்தான்.

1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் சந்திரசேகர் மறைந்தார். நான்கு வருடம் கழித்து நாசா அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு சந்திரா என்று அவர் பெயர்தான். நிலவுக்கான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்வரும் அது, வெடித்த நட்சத்திரங்களின் மிச்சத்தையும் கருந்துளைகளைச் சுற்றிக் கொதிக்கும் வாயுவையும் படம்பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது.