தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மன்காரர்

எங்க எலவனாசூர்கோட்டைக்குப் பெயரிலேயே கோட்டை இருக்கு. ஆனா கடல் ஓரமா ஒரு கோட்டையைப் பார்க்கணும்னா உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், சிதம்பரம் தாண்டி தரங்கம்பாடி போங்க. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரங்க கட்டினது. செல்ஃபி எடுத்ததும் கிளம்பிடாதீங்க. ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ள சீகன்பால்கு என்ற ஜெர்மன்காரரின் கல்லறை இருக்கு.

சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். டென்மார்க் அரசர் அனுப்பி, 1706 ஜூலையில் புளுட்சாவோட இங்க வந்து இறங்கினார். வயசு, நமக்கு ரெண்டு மூணு வருஷ சீனியர் அவ்வளவுதான்.

வந்த வேலை மதம் பரப்புவது. அதுக்குத் தமிழ் வேணுமே? ஒரு வயசான வாத்தியாரின் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைச்சு, பசங்களோட தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். இங்கிலீஷ் மீடியம் கோஷ்டியான நமக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். ரெண்டே வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு எழுதிட்டார்.

அதே 1708-ல் அவரை நாலு மாசம் ஜெயிலில் போட்டதும் நம்ம ஆட்கள் இல்ல, கோட்டையின் டேனிஷ் தளபதி!

அடுத்தது நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் ஏற்றி வந்த கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டுச்சு. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துட்டார். இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துக்களை ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினாங்க, ஆனா சைஸ் ரொம்பப் பெருசு, காகிதம் தின்னுடும். அதனால தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்து, புதிய ஏற்பாட்டை 1715-க்குள் அச்சடிச்சு முடிச்சாங்க. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வந்தது. தமிழ் அச்சு அதுக்கு முன்னாடியே 1578-ல் கொல்லத்தில் தொடங்கியாச்சு, அதையும் சொல்லிடணும்.

எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. சிவன், விஷ்ணுவோட நிற்காம அய்யனார், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி வரைக்கும் நம்ம சாமிகளைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதி 1713-ல் ஹாலேவுக்கு அனுப்பினார். சாமிகளை ஒழிக்கப் போனவர் அதையெல்லாம் எழுதிப் பரப்புறதான்னு அங்கிருந்த பெரியவங்களுக்குக் கோபம். அச்சடிக்கல. ஊர் எல்லையில் அய்யனாரைத் தாண்டி பஸ் ஏறுற நமக்கு, அந்தக் கோபம் வேடிக்கையாகூடத் தோணலாம். அவருக்கு அப்படி இருந்திருக்காது.

1719-ல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். வயசு 36. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் வரைக்கும்தான் வந்திருந்தது. அந்தச் சாமிகள் புத்தகம் சென்னையில் அச்சானது 1867-ல்.