பழனிக்குப் போகாமலே பஞ்சாமிர்தம் படைத்த பாம்பன் சுவாமிகள்

ஓம் சரவணபவ! 

சண்முக கவசம் தினமும் சொல்றவங்க நம்மில் நிறைய பேர். அதைப் பாடிய பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

ராமேஸ்வரத்தில் சாத்தப்ப பிள்ளை, செங்கமல அம்மையார் தம்பதிக்குப் பிறந்தவர் சுவாமிகள். பிள்ளைப் பெயர் அப்பாவு. வளர்ந்தது பக்கத்தில் இருக்கும் பாம்பனில். சின்ன வயசிலேயே அருணகிரிநாதரை மானசீக குருவாக ஏத்துக்கிட்டார். ஒருநாள் காலை தென்னந்தோப்பில் உதய சூரியனைப் பார்த்தபோது பாட்டு பொங்கி வந்தது. அப்படிப் பாடிய முதல் நூறு பாடல்களிலும் குருவின் பெயரை வைத்தே முடித்தார். சேதுமாதவ ஐயர் என்ற பெரியவர் அவருக்கு ஆறெழுத்து மந்திரத்தை உபதேசம் செய்தார்.

அருணகிரியாரிடம் அவர் கற்றது பக்தி மட்டுமில்லை, சந்தமும்தான். வண்ணப்பா பாடுவது லேசான வேலை இல்லைங்க. முதல் அடியில் குறில், நெடில், வல்லினம், மெல்லினம் எந்த வரிசையில் விழுதோ, அதே வரிசை அடுத்தடுத்த அடிகளிலும் விழணும். எதுகையும் மோனையும் கூடவே வரணும். இத்தனை கட்டுக்குள்ளே சூரனை வென்ற கதை, வள்ளியை மணந்த கதை எல்லாம் வந்தாகணும். கட்டு இவ்வளவு இறுக்கமா இருப்பதால்தான் பாட்டு மனசில் நிற்குது. ஒரு சொல் விட்டுப்போனா தாளம் தட்டும். நாக்கே பிழையைக் காட்டிக்கொடுத்துடும்.

1891-ல் பாடிய சண்முக கவசத்தில் 30 பாடல்கள். 12 உயிரெழுத்து, 18 மெய்யெழுத்து வரிசையில் ஒவ்வொன்றும் தொடங்கும். அரிச்சுவடி தெரிஞ்ச குழந்தைகூட அடுத்த பாட்டு எதுன்னு கண்டுபிடிச்சிடும்.

அவர் வாழ்வில் ஒரு பெரிய வேதனையும் உண்டு. துறவுக்காகப் பழனிக்குப் போகப் போவதாக நண்பரிடம் சொன்னார். முருகன் உத்தரவா என்று நண்பர் கேட்டதும், உத்தரவு வராமலேயே ஆமாம் என்று சொல்லிட்டார். அன்றைக்கே முருகன் கோபத்தோடு காட்சி தந்து, தான் அழைக்கும்வரை பழனிக்கு வரக்கூடாது என்று கட்டளையிட்டதாகச் சொல்வார்கள். அந்த அழைப்பு கடைசிவரை வரவே இல்லை. ஒரே ஒரு பொய்க்காக ஆயுள் முழுக்கப் பழனி தரிசனம் இல்லை.

ஆனா பாருங்க, பழனின்னாலே பஞ்சாமிர்தம். அந்த மலையை மிதிக்காத சுவாமிகள் வாயிலிருந்துதான் பஞ்சாமிர்த வண்ணம் வந்தது. பால், தயிர், நெய், சர்க்கரை, தேன் என்று ஐந்து பகுதிகள். பகுதிக்குப் பகுதி நடை மாறும். தேன் பகுதியில் சிவபெருமான் தொடங்கி ஒவ்வொருவராக ஆடிவருவார்கள். பாடுபவர் கையும் தானாகத் தாளம் போடும். குடம் பாலும் படி தேனும் வாங்க வசதி இல்லாதவங்களும் நாவினாலேயே அபிஷேகம் செய்ய ஒரு வழி கிடைச்சது.

1894-ல் ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசையில் 35 நாள் கடுந்தவம் இருந்தார். பிறகு சென்னை வந்தார்.

1923 டிசம்பர் 27 அன்று தம்புச்செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி, சுவாமிகளின் கால் எலும்பு முறிந்தது. வயசோ எழுபதைத் தாண்டியாச்சு. உப்பை விட்டவர் என்பதால் எலும்பு கூடாதுன்னு டாக்டர்கள் கைவிரித்தார்கள். அரசு பொது மருத்துவமனையில் அவர் படுத்திருக்க, சீடர் விடாமல் சண்முக கவசம் ஓதினார். ஊருக்கெல்லாம் காப்பாகப் பாடிக் கொடுத்தது பாடியவருக்கே காப்பாகத் திரும்பி வந்தது. பதினோராம் நாள் இரவு மயில்கள் ஆடிவரும் காட்சி கண்டார். கால் குணமானது என்பது அடியார்கள் போற்றும் வரலாறு. அந்த நாளைத்தான் இன்றும் மயூர வாகன சேவன விழாவாகக் கொண்டாடுகிறோம்.

1929 மே 30-ல் சுவாமிகள் சமாதி அடைந்தார். திருவான்மியூரில் அவர் சமாதிக் கோயில் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் பிரப்பன்வலசையிலும் இறங்கி வணங்கிட்டு வாங்க.

கவசத்தை மனசுக்குள்ளே முணுமுணுக்காம, வாய்விட்டு, சந்தம் பிசகாம ஓதுங்க. வீட்டுக் குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்க. கேட்டுக் கேட்டே பாடமாயிடும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!