முப்புரி கண்ட மேதை

நம் நெல்லைச் சீமையில் கோபாலசமுத்திரம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரைத் தம் முதலெழுத்தாகத் தாங்கியவர் ஜி. என். ராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்று, 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

நம் தோலையும் எலும்பையும் தாங்கும் புரதம் கொலாஜன். எக்ஸ் கதிர்ப் படத்தில் அது சில கறைகளாகவே தெரியும். அக்கறைகளை வைத்துக்கொண்டு, உருண்டைகளையும் கம்பிகளையும் பொருத்தி மாதிரி அமைத்துப் பார்த்தார் ராமச்சந்திரன். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக் கிடப்பதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் கோபிநாத் கர்த்தாவுடன் உலகுக்கு அறிவித்தார்.

ஆனால் அம்மாதிரியில் அணுக்கள் அளவுமீறி நெருங்கியுள்ளன என்று கிரிக், ரிச் என்னும் அறிஞர்கள் குறை கூறினர். அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? அதையே ஆராய்ச்சியாக்கிக்கொண்டார் அவர்! புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரு பிணைப்புகள் கதவுக் கீல்போல் திரும்பும். அவ்விரு கோணங்களையும் வரைபடத்தில் குறித்தால், அணுக்கள் மோதாத இடங்கள் சில தீவுகளே. 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட அதுவே ராமச்சந்திரன் வரைபடம்.

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை; எங்களுக்கு அது மனக்குறைதான். 2001இல் சென்னையில் மறைந்தார்.

இன்று கணினித் திரையில் புரதத்தின் முப்பரிமாண மாதிரியை விரலசைவில் சுழற்றிப் பார்க்கிறோம். அம்மாதிரி சரிதானா என்று சோதிக்க ஆய்வாளர்கள் இன்றும் அவர் வரைபடத்தையே விரிக்கிறார்கள்.