கடலறிந்த கார்சன்

அண்ணாமலையின் மேற்குப் புறத்தே, கிரிவலப் பாதையை ஒட்டி அமைந்த ஊர் அடி அண்ணாமலை. அங்கே வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் உழவர், அது இலையிலும் மண்ணிலும் தங்கிவிட்டதாகவே எண்ணுவார். கண்ணுக்குத் தெரிவதும் அவ்வளவுதான். ஆயினும் மருந்தின் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. மற்றொரு பகுதி மழைநீரோடு ஓடையில் இறங்குகிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடலுக்கும் வயலுக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு. அவ்வுறவை உலகம் உணரச் செய்தவர்களுள் முதன்மையானவர், கடலைக் காணாமலே வளர்ந்த ஒரு பெண்.

ரேச்சல் கார்சன் 1907 மே 27 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் ஆற்றங்கரை ஊரில் பிறந்தார். எழுத்தாளராகும் விருப்பத்தோடு இலக்கியம் பயிலத் தொடங்கியவர், கல்லூரியிலேயே உயிரியலுக்கு மாறினார். 1929ஆம் ஆண்டுக் கோடையில் உட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வகத்திற்குச் சென்றபோதுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தை மறைந்ததால் குடும்பப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. மீன்வளத் துறைக்காக வானொலி உரைகள் எழுதும் பணியை ஏற்றார். எழுத்தைத் துறந்துவிட்டதாக எண்ணியிருந்தவருக்கு, எழுதுவதற்குரிய பொருளை அறிவியலே வழங்கியது. கடலைப் பற்றி 1951இல் அவர் வெளியிட்ட நூல் 86 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நின்றது. அடுத்த ஆண்டே அரசுப் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

1958 ஜனவரியில், மாசசூசெட்ஸ் கடற்கரையில் வாழ்ந்த ஓல்கா ஹக்கின்ஸ் என்னும் தோழி அவருக்கு மடல் எழுதினார். கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து தெளித்த டி.டி.டி. கலவையால் தம் பறவைகள் மடிந்ததை அதில் தெரிவித்திருந்தார். கார்சன் சான்றுகளைத் திரட்டத் தொடங்கினார். 1955இல் புளோரிடாவின் உப்புச் சதுப்பு நிலத்தில் பூச்சிக்கொல்லி தெளித்ததால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் மடிந்த செய்தியும் அவற்றுள் ஒன்று. ஒரு பூச்சியைக் குறிவைத்த நஞ்சு அதனோடு நிற்பதில்லை என்பதை ஒவ்வொரு சான்றும் காட்டிற்று. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் தாயை இழந்தார். மார்பகப் புற்றுநோய்க்கும் ஆளானார். நோயைப் பிறர் அறியாதவாறு மறைத்தே எழுதினார். வேதியியல் நிறுவனங்களின் எதிர்ப்பை முன்னுணர்ந்து, ஐம்பது பக்கங்களுக்கும் மேலாகச் சான்றுப்பட்டியலை இணைத்தார்.

‘மௌன வசந்தம்’ 1962இல் வெளிவந்தது. பூச்சிக்கொல்லிகளை முற்றாக ஒழிக்கச் சொல்வதாக அவர்மேல் பழி சுமத்தினர். அவர் அவ்வாறு கேட்டதே இல்லை. கண்மூடித்தனமான பயன்பாட்டையே எதிர்த்தார். 1963இல் அமெரிக்க மேலவைக் குழுவின்முன் தோன்றி, வான்வழித் தெளிப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56ஆம் வயதில் மறைந்தார். அவருடைய சாம்பலின் ஒரு பகுதி, அவர் நேசித்த மெயின் மாநிலக் கடற்கரையில் தூவப்பட்டது.

தெளித்த நஞ்சில் காற்றுக்குப் போவது எவ்வளவு, கடலுக்குப் போவது எவ்வளவு என்னும் கணக்கைக் கார்சன் கண்டதில்லை. அக்கணக்கு பின்னாளில் தமிழகக் கடற்கரையில் எடுக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தின் வழியே ஓடும் தென்பெண்ணை கடலூரருகே கடலைச் சேர்கிறது; அதற்குத் தெற்கே, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கிறது. 1980களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அங்கே காற்றையும் நீரையும் சேற்றையும் ஆராய்ந்தனர். நெல்வயல்களில் உழவர்கள் மிகுதியாகத் தூவிய பி.எச்.சி. மருந்தே ஆய்வின் பொருள். அம்மருந்தில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பங்கு காற்றுக்கே சென்றது என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஆற்று முகத்துவாரத்தை அடைந்ததோ அரை விழுக்காட்டிற்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி நீர்ப்பரப்பிலிருந்து மீண்டும் ஆவியாயிற்று.

வெப்பமே இதற்குக் காரணம். வெப்பநாட்டில் நீரை விட்டு எழும் நஞ்சு, காற்றோடு வடக்கே செல்கிறது. அங்குள்ள குளிர்ந்த கடல் அதனை மீண்டும் நீருக்குள் வாங்கிக்கொள்கிறது. பின்னர் அது நுண்ணுயிர்களின் வழியே மீனுக்கும், மீனை உண்ணும் கடல்நாய்க்கும் சென்று கொழுப்பில் சேர்கிறது. பி.எச்.சி. மருந்தை இந்தியா 1997இல் தடை செய்தது.